விடாத விரல்களும் விடாமல் அடித்த மணியும்

காலையில் தொலைபேசியில் கேட்டால் மாலை 4 மணிக்கே வரச் சொல்கிறார்கள். அவசரமில்லாத எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்கு டொராண்டோவில் மாதக்கணக்கில் காத்திருந்து பழகிய எனக்குப் பாளையங்கோட்டையின் இந்த வேகம் புல்லரிக்க வைத்தது. அந்த மகிழ்ச்சி ஸ்கேன் அறைக் கதவு வரைதான்.

என் தம்பிக்கு வயது 44. அவனுக்கு இருப்பது மயோட்டானிக் டிஸ்ட்ரஃபி முதல் வகை, அதாவது இறுகிய தசை உடனே தளராத பரம்பரை நோய். 19ஆம் குரோமோசோமில், டி.எம்.பி.கே. மரபணுவில் சி.டி.ஜி. என்ற டி.என்.ஏ. மூவெழுத்து 50 முறைக்கு மேல் அடுக்கி வந்தால் இந்நோய் வரும். அந்த அடுக்கு தலைமுறைதோறும் நீளக்கூடியது என்பதால், அப்பாவைக் கண்புரையோடு விட்ட நோய் தம்பியை நாற்பதுக்குள் பிடித்துக்கொண்டது. (எனக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு இருந்தது, தப்பினேன்.) பகலெல்லாம் அவன் தூங்கி வழிவதற்கு வீட்டில் நாங்கள் வைத்த பெயர் சோம்பல். இந்நோய் மூளையையும் தொடும் என்பதால்தான் நரம்பியல் மருத்துவர் படம் எடுக்கச் சொன்னார்.

வெள்ளி அரைஞாணைக் கழற்றி அம்மாவின் கையில் கொடுத்துவிட்டுப் படுத்தவனிடம், பயமாக இருந்தால் அமுக்கி மணியடிக்கும்படி ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்தார்கள். அவன் பிடித்தான், விரல்கள் விடவில்லை. மணி அடித்துக்கொண்டே இருந்தது. மேசையை வெளியே இழுத்துப் பார்த்தால் ஆள் நிம்மதியாகப் படுத்திருக்கிறான். மூன்றாம் முறை இளைஞரான டெக்னீஷியன், "அண்ணாச்சி, வெளையாடாதீங்க, பந்த விடுங்க" என்று குரலை உயர்த்தினார். விட முடியாததுதான் நோயே என்று நான் கண்ணாடிக்கு இப்பாலிருந்து கத்தியது யார் காதிலும் விழவில்லை. டொராண்டோவில் இரண்டு பக்கப் படிவத்தை நிரப்பாமல் அந்த அறைக்குள் கால் வைக்க முடியாது; இங்கே நோயின் பெயரைக்கூட யாரும் கேட்கவில்லை. கடைசியில் தம்பியே வழி சொன்னான். பத்துத் தடவை கையை மூடித் திறந்தால் பிடி தளரும் என்றான். பிறகு பந்தை வயிற்றின் மேல் வைத்து, உள்ளங்கையை அதன்மேல் சும்மா சாய்த்துக்கொண்டான்.

இரவே அறிக்கை வந்தது. மூளையின் வெண்பொருளில், அதாவது நரம்பிழைகள் ஓடும் பகுதியில், வெண்புள்ளிகள், வயதால் ஏற்பட்ட மாற்றம் என்றிருந்தது. நாற்பத்து நான்கில் என்ன வயது? மூளையின் இருபக்கமும் காதையொட்டி இருக்கும் பொட்டு மடல்களின் முன்முனையிலும் புள்ளிகள் இருந்தன. இந்நோயில் அடிக்கடி காணப்படும் இடம் அது. நீர் மூலக்கூறுகளின் நகர்வை அளக்கும் டிஃப்யூஷன் படங்களைக் கொண்டு, வெண்பொருள் இழைகளில் பரவலான மாற்றங்களையும் ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். அப்படி அளந்து ஒப்பிட பிலிம் போதாது, மூலக் கோப்புகள் வேண்டும். ஆகவே திருத்திய அறிக்கையோடு, அந்தக் கோப்புகள் அடங்கிய குறுவட்டும் கேட்டேன்.

மறுநாள் அறிக்கையிலிருந்து 'வயது' போய், நோயின் பெயர் வந்திருந்தது. அதைப் படித்ததிலிருந்து அம்மா தம்பியைப் பகலில் எழுப்புவதில்லை. குறுவட்டு மட்டும் நான் விமானம் ஏறும்வரை "நாளைக்கு" என்றே இருந்தது.