வரி முடிவில் சிறுகோடு: லிபர்ஆபிஸ் ரைட்டரில் தமிழ்ச் சொற்பிரிப்பு

புதுக்குடியிருப்பில் ஒரு சிறிய அச்சகத்தில் பக்க வடிவமைப்புச் செய்கிறேன். எங்களுக்கு வரும் வேலையில் பெரும்பங்கு கல்வெட்டுதான். அதாவது ஒருவர் இறந்து 31ஆம் நாள் நடக்கும் அந்தியேட்டிச் சடங்குக்கு உறவினர் கையில் கொடுக்கும் நினைவு மலர். சில ஆண்டுகளாக எல்லாவற்றையும் லிபர்ஆபிஸ் ரைட்டர் என்ற இலவச ஆவண மென்பொருளில்தான் செய்கிறேன். வரியில் அடங்காத சொல்லைத் தானாகவே உடைக்கும் அதன் தானியங்கிச் சொற்பிரிப்பை ஆங்கிலப் பந்திகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள், தமிழுக்கு அணைத்துவிடுங்கள் என்பதே என் தீர்ப்பு.

தமிழுக்கான பிரிப்பு விதிகளைச் சேர்த்துக் கொடுத்தால் அது ஓரளவு சரியான இடத்திலேயே வெட்டுகிறது. வெட்டிய இடத்தில் ஒரு சிறுகோடும் போட்டுவிடுகிறது, அதுதான் வினை. பத்திரிகையின் ஒடுங்கிய பத்தியில் தமிழ்ச் சொல் கோடின்றியே உடைந்து அடுத்த வரிக்கு இறங்கும். வாசிப்பவர் யாரும் தடுமாறுவதில்லை. எங்கள் பக்கம் ஒன்றில் ‘கனகராயன்-’ என்று ஒரு வரி முடிந்து, ‘குளம்’ அடுத்த வரியில் நின்றது. மெய்ப்புப் பார்க்க வந்த ஓய்வுபெற்ற ஆசிரியர், “தம்பி, இது இரண்டு ஊரா?” என்று கேட்டார்.

கோடு வேண்டாத நம் மரபு கேட்பது வேறொன்று: மெய்யெழுத்து வரியின் தலையில் வரக்கூடாது. ‘முள்ளிவாய்க்’ என்று முடிந்து ‘கால்’ என்று தொடங்கலாம். ‘க்கால்’ என்று தொடங்கினால் பார்க்கச் சகிக்காது. வரியின் முடிவிலும் தொடக்கத்திலும் குறைந்தது எத்தனை எழுத்து நிற்கவேண்டும் என்று பந்தி அமைப்பில் எண் கொடுக்கலாம்தான். அந்த எண்ணைத் தமிழுக்குக் காவலாக நம்பவேண்டாம். யூனிகோட் என்னும் எழுத்துக் குறியீட்டு முறையில் ‘ல்’ என்பது லகரம் ஒன்று, புள்ளி ஒன்று என இரண்டு குறியீடு. இரண்டு என்று வைத்தாலும் தனி ‘ல்’ அந்தக் கணக்கில் தேறிவிடும்.

ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பழைய பாமினி எழுத்துருவில் தட்டிய கோப்புகள் இன்னும் வருகின்றன. அதில் ‘தமிழ்’ என்பது மென்பொருளின் கண்ணுக்கு ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. ஆங்கிலம் என்றெண்ணி ஆங்கில விதிப்படி வெட்டினால் கொம்பு ஒரு வரியிலும் அதற்குரிய எழுத்து மறுவரியிலும் கிடக்கும். யூனிகோட்டுக்கு மாற்றாமல் அந்தக் கோப்புகளை நான் தொடுவதில்லை.

தானியங்கியை அணைத்தால் இன்னொரு தொல்லை வரும். ‘கேட்டுக்கொள்ளப்படுகின்றீர்கள்’ போன்ற சொல் வரியில் அடங்காமல் கீழே இறங்க, இருபுறமும் சீராக்கிய பந்தியில் மேல்வரி பல் விழுந்த வாய் போல இடைவெளி காட்டும். அதற்கு ‘செருகு’ பட்டியலில் உள்ள அகலமில்லா இடைவெளியைப் பயன்படுத்துகிறேன். ‘கேட்டுக்’ என்பதற்குப் பின் ஒன்று, ‘கொள்ளப்’ என்பதற்குப் பின் ஒன்று. தேவைப்பட்டால் சொல் அங்கே உடையும், கோடு வராது. கண்ட்ரோல் விசையுடன் சிறுகோட்டைத் தட்டினால் வருவது வேறு குறி. உடையும் இடத்தில் அது கோட்டைக் காட்டிவிடும்.

இதற்கும் ஒரு விலை உண்டு. சொல்லை நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டும்போது கண்ணுக்குத் தெரியாத அந்தக் குறியும் கூடவே போகும்; பிறகு தேடினால் ஊர்ப்பெயர் அகப்படாமல் போகலாம். ஆகவே மெய்ப்பெல்லாம் முடிந்த பின், அச்சுக்குப் போகும் பிரதியில் மட்டும் செருகுகிறேன். கனடாவில் இருக்கும் பிள்ளைகள் கேட்டால் அனுப்புவதற்குக் குறியில்லாத பிரதி தனியாக இருக்கும். முன்கூட்டியே செருகுவது வீண்வேலையும்கூட, எழுத்தளவை அரைப் புள்ளி மாற்றினாலே வரிகள் எல்லாம் இடம் மாறிவிடும்.

இறந்த திதியைச் சொல்லும் பாட்டான திதி வெண்பாவுக்குத் தனிப் பந்திப் பாணி வைத்திருக்கிறேன்: பிரிப்பு இல்லை, சீராக்கல் இல்லை, இடப்பக்க ஒழுங்கு மட்டும். நாற்சீர் அடி ஒரே வரியில் அடங்காவிட்டால் எழுத்தைச் சிறிதாக்குவேன். பெயரின் முதலெழுத்து வரி முடிவில் தனித்து நிற்பதைத் தடுக்க, அதற்கும் பெயருக்கும் நடுவே கண்ட்ரோல், ஷிப்ட் விசைகளோடு இடைவெளி விசையைத் தட்டினால் போதும். உறவினர் பட்டியல் நீளும் பக்கங்களில் இந்த ஒன்றே மெய்ப்பு வேலையில் பாதியைக் குறைத்துவிடுகிறது.