ரிக்கோட்டா: பன்னீர் என்று நினைத்து வாங்காதீர்கள்

சேலம் ஃபேர்லாண்ட்ஸில் நான் வழக்கமாகப் போகும் கடையில் பன்னீருக்குப் பக்கத்திலேயே ரிக்கோட்டா என்ற இத்தாலிய மென்சீஸ் டப்பா வைத்திருந்தார்கள். 200 கிராம், 230 ரூபாய். மகள் லசான்யா (பாஸ்தா தகடுகளை அடுக்கி, நடுவில் சீஸ் வைத்துச் சுடுவது), லசான்யா என்று பிடுங்கியதால் எடுத்துவிட்டேன்.

முதல் தப்பு என்னுடையது. பாதியைக் குடைமிளகாயோடு வாணலியில் போட்டேன். துண்டாக நிற்காமல் மசாலாவில் உதிர்ந்து, முட்டைப் பொடிமாஸ் மாதிரி ஆகிவிட்டது. பீட்சா சீஸ் போல உருகி நூலாகவும் இழுபடாது.

இத்தாலியில் சீஸ் செய்தபின் மிஞ்சும் தண்ணீரில்தான் இதைச் செய்வார்கள். 80, 90 டிகிரிக்குச் சூடாக்கினால் அதில் தங்கிய புரதம் பஞ்சு பஞ்சாக மேலே வரும். அதை அள்ளிக் கூடையில் வடிப்பார்கள். ரிக்கோட்டா என்றாலே ‘மறுபடி காய்ச்சியது’ என்றுதான் அர்த்தம். சரி, பன்னீர் தண்ணீரைக் கொட்டுகிறோமே என்று நானும் காய்ச்சிப் பார்த்தேன். ஒரு ஸ்பூன்கூடத் தேறவில்லை. நாம் பாலைக் கொதிக்கவைத்துத் திரிப்பதால் அந்தப் புரதம் பெரும்பாலும் பன்னீரோடு சேர்ந்துவிடுகிறது. அவர்கள் வெதுவெதுப்பான பாலில் ரென்னெட் என்ற நொதியை விட்டு உறையவைப்பதால் அது தண்ணீரிலேயே தங்குகிறது. எனக்கு கேஸ் போனதுதான் மிச்சம்.

நான் வாங்கிய டப்பாவின் லேபிளில் பால், சிட்ரிக் அமிலம், உப்பு என்றுதான் இருந்தது. அதாவது பாலையே திரித்தது. அதற்கு 230 ரூபாய் என்பது உறுத்தத்தான் செய்கிறது. ஆனால் ருசியில் குறையில்லை: லேசான இனிப்பு, புளிப்பே இல்லை, நாக்கில் வைத்தால் வெண்ணெய்க்கும் பன்னீருக்கும் நடுவில்.

லசான்யாவுக்குப் பசலைக்கீரையை வதக்கி, தண்ணீரை ஒட்டப் பிழிந்து, ஜாதிக்காய் கொஞ்சம் துருவி ரிக்கோட்டாவோடு கலந்தோம். பிழியாவிட்டால் எல்லாம் சொதசொதவென்று ஆகிவிடும். மகளுக்கு அது பிடித்தது. எனக்குப் பிடித்தது, சுட்ட ரொட்டியில் இதைத் தடவி, ஏற்காட்டில் வாங்கிய மலைத்தேன் விட்டு, மேலே மிளகைத் தட்டிப் போட்டது.

அப்புறம், சிரிக்காதீர்கள், தட்டுவடை செட் (இரண்டு தட்டைக்கு நடுவே காய்த்துருவலும் சட்னியும் வைத்தது). பீட்ரூட், கேரட் துருவலுக்கு அடியில் ஒரு ஸ்பூன் தடவினேன். காரச் சட்னியின் உறைப்பு அடங்கி, பூண்டு வாசம் மட்டும் நின்றது. “இதுக்குப் பேரு என்ன சாமி?” என்று கேட்டுக்கொண்டே அத்தை மூன்று சாப்பிட்டார். இரண்டு நிமிடத்தில் தட்டுவடை நமத்துவிடும், கையோடு சாப்பிட வேண்டும்.

திறந்த டப்பா ஃப்ரிட்ஜில் இருந்தும் நாலாம் நாள் புளித்துவிட்டது. கடையில் எடுக்கும்போது பின்வரிசையில் கைவிட்டுத் தேதி பாருங்கள். முன்னால் இருந்தவற்றுக்கு ஒரு வாரம்கூட மிச்சமில்லை.