பத்தாவதுக்கு அப்புறம்: பள்ளித் தொழிற்பிரிவா, ஐடிஐ ஃபிட்டரா?

போன வருடம் பையனுக்குப் பத்தாவது ரிசல்ட் வந்ததும் வீட்டில் இரண்டு கட்சி. பிளஸ் டூவிலேயே தொழிற்பிரிவு இருக்கிறதே, அடிப்படை இயந்திரவியல் எடுத்தால் படிப்புக்குப் படிப்பும் ஆச்சு, கைத்தொழிலும் ஆச்சு என்றார் வீட்டுக்காரம்மா. நான் ஐடிஐ (தொழிற்பயிற்சி நிலையம்) ஃபிட்டர் கட்சி, அதாவது இயந்திர பாகங்களை அரம் போட்டுப் பொருத்துகிற தொழில். பையன் எதிலும் இல்லை, கூட்டாளிகள் இரண்டு பேர் எங்கே போகிறார்களோ அங்கே போனால் போதும் அவனுக்கு. நான் கோவை கணபதியில் லேத் பட்டறைக்காரன், 22 வருடமாக லேத்தில் இரும்பு கடைகிற டர்னர். என் எழுத்து ஒரு பக்கம் சாயும், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எல்லோருக்கும் தெரிந்ததை வேகமாகத் தாண்டிவிடலாம். இரண்டுமே இரண்டு வருடம். பள்ளியில் மொழிப் பாடங்களோடு தொழிற்பாடமும் செய்முறையும் சேர்ந்து வரும், முடித்தால் பொதுத்தேர்வுச் சான்றிதழ். அரசு ஐடிஐயில் கட்டணம் கிடையாது, மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, பஸ் பாஸ், சைக்கிள், சீருடை, ஷூ. இரண்டில் எதை முடித்தாலும் பாலிடெக்னிக் இரண்டாம் வருடத்தில் நேரடியாகச் சேரலாம். ஐடிஐ முடித்தவன் தமிழ், ஆங்கிலத் தேர்வுகளை எழுதிப் பிளஸ் டூவுக்குச் சமமாக்கிக்கொள்ளவும் வழி உண்டு. ஆனால் பையனுக்கு பி.ஏ., பி.காம். ஆசை எட்டிப் பார்க்கிறது என்றால் பள்ளிதான் சுலபம், அதில் வாதமே இல்லை. சான்றிதழில் ஐடிஐக்குக் கொஞ்சம் கை ஓங்கும். ரயில்வேயில் உதவி லோகோ பைலட் வேலைக்கு விண்ணப்பிக்கப் பத்தாவதோடு ஐடிஐ கேட்கிறார்கள், பிளஸ் டூ தொழிற்பிரிவு மட்டும் வைத்திருந்தால் அந்த வாசல் திறக்காது. அதற்காகப் பள்ளிக்காரர்களுக்குத் தொழிற்பழகுநர் (அப்ரண்டிஸ்) வாய்ப்பே இல்லை என்று நினைக்க வேண்டாம். தொழிற்பழகுநர் சட்டத்தில் 1986இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு அவர்களும் அதற்குள் வருகிறார்கள்.

இவ்வளவும் உட்கார்ந்த இடத்திலேயே பேசலாம். எனக்கு முடிவு சொன்னது இரண்டு ஒர்க் ஷாப்புக்குள்ளும் போய்ப் பார்த்ததுதான்.

நான் பார்க்கப் போன பள்ளியின் பெயர் வேண்டாம். அந்த வாத்தியார் நல்ல மனிதர், பட்டறை அனுபவம் உள்ளவர், அடுத்த வருடம் ஓய்வு. அவருக்குப் பின்னால் யார் என்று அவருக்கே தெரியவில்லை. ஷெட்டில் மூன்று லேத், ஒரு டிரில்லிங் மெஷின், ஒரு பெஞ்ச் கிரைண்டர். ஒரு லேத்தை ஒரு பையன் ஓட்டிக் காட்டினான். ஸ்விட்சைப் போட்டான், மோட்டார் 'உம்ம்' என்று முனகியது, சுற்றவில்லை. உடனே கையால் பெல்ட்டை ஒரு தள்ளு தள்ளினான், ஓட ஆரம்பித்தது. எனக்கு வயிற்றைக் கலக்கியது. சிங்கிள் ஃபேஸ் மோட்டாரைக் கிளப்பிவிடுகிற கெப்பாசிட்டர் போயிருக்கிறது, அவ்வளவுதான். சில நூறு ரூபாய் சாமான். அது இல்லாததால் பதினாறு வயசுப் பையன் கரண்ட் ஓடுகிற மோட்டாரின் பெல்ட்டில் கை வைக்கிறான், அதுவும் பழகிப்போன சாவகாசத்தோடு. பெல்ட்டின் மேல் மூடியைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்து வைத்திருந்தார்கள். மூடி இருந்தால் தள்ள முடியாதே! ஒரு கெப்பாசிட்டர் வாங்காததில் மூடியும் போனது.

கிரைண்டர் பக்கம் போனேன். சக்கரத்துக்கும், தீட்டுகிற சாமானைத் தாங்கும் டூல் ரெஸ்ட்டுக்கும் நடுவில் மூன்று மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது என்பது எந்தப் பட்டறையிலும் சொல்லித் தருகிற கணக்கு. சக்கரம் தேயத் தேய ரெஸ்ட்டை முன்னால் தள்ளி வைக்க வேண்டும். இங்கே என் சுண்டுவிரல் தாராளமாக நுழைந்தது. ஜாப், அதாவது தீட்டுகிற சாமான், அந்தச் சந்தில் மாட்டினால் சக்கரம் உடைந்து பறக்கும். பாதுகாப்புக் கண்ணாடி எங்கே என்று கேட்டேன். ஆணியில் ஒன்று தொங்கியது, கீறல் விழுந்து பால் போல வெளுத்திருந்தது. வகுப்பில் 24 பேர்.

கண்ணாடி விஷயத்தில் நான் நிதானமாகப் பேச மாட்டேன். பதினெட்டு வயதில் வேலை பழகிய பட்டறையில் கிரைண்டர் பொறி ஒன்று இடது கண்ணில் ஏறியது. கூட இருந்தவர் துணி நுனியை நக்கி ஈரமாக்கி எடுத்துவிட்டார். எடுத்ததாக நினைத்தோம். மூன்றாம் நாள் கண் ஆஸ்பத்திரி. தழும்பு இன்னும் இருக்கிறது, ராத்திரி எதிரே வண்டி வந்தால் வெளிச்சம் சிதறித்தான் தெரியும்.

வாத்தியாரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. எண்ணெய், வேஸ்ட் துணி எல்லாம் தன் கைக்காசில்தான் வாங்குகிறார். கெப்பாசிட்டருக்கு எழுதிக் கொடுத்து எட்டு மாதம் ஆகிறதாம். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகள் தீயில் போன பிறகு, பள்ளி என்றால் கூரை, மாடிப்படி, தீயணைப்பான் என்று பார்க்கிற வழக்கம் இங்கே வந்தது. அந்தப் பள்ளியிலும் தீயணைப்பான் புதுசாக மாட்டியிருந்தது, தேதி கூடச் சரியாக இருந்தது. பெல்ட் மூடியை யார் வந்து பார்ப்பார்கள் என்று கேட்டேன். "யாருங்க பாக்கறாங்க" என்று சிரித்தார்.

அப்புறம் அரசு ஐடிஐ. அங்கே எல்லாம் பளபளப்பு என்று எண்ணிக்கொள்ள வேண்டாம், பழைய கட்டடம்தான். ஃபிட்டர் செக்‌ஷனுக்குள் நுழைந்ததும் கண்ணில் பட்டது ஒரு மில்லிங் மெஷின். கழுத்தில் அட்டை தொங்கியது: 'பழுது, தொடாதே'. பக்கத்தில் போய்ப் பார்த்தேன், ஃபியூஸைப் பிடுங்கியிருந்தார்கள். எத்தனை நாளாக இப்படி என்றதற்கு இரண்டு மாதம் என்றார் உதவிப் பயிற்சி அலுவலர். ரிப்பேர் இங்கேயும் தாமதம்தான். ஆனால் ஓடாத மெஷின் ஓடாமல் நின்றது. என் முடிவு அந்த இடத்திலேயே முக்கால்வாசி ஆகிவிட்டது.

மீதிக் காலுக்குக் காரணம், எழுதி வைத்த கணக்கு. ஐடிஐ பாடத்திட்டம் நாடு முழுவதும் ஒன்று. ஃபிட்டருக்கு ஒரு யூனிட்டில் 20 பேர், 96 சதுர மீட்டர் இடம், 3.51 கிலோவாட் மின்சாரம் என்று அதிலேயே இருக்கிறது. சாமான் பட்டியலும் உண்டு. பயிற்சி பெறுகிற பையன்கள் கையில் இருக்க வேண்டிய கருவிகளை 20+1 என்று போட்டிருக்கும், அந்த ஒன்று வாத்தியாருக்கு. பட்டியல் இருப்பதால் சாமான் தானாக வந்துவிடாது, அது எனக்கும் தெரியும். ஆனால் குறைகிறது என்று கேட்க ஒரு காகிதம் கையில் இருக்கிறது. பள்ளி வாத்தியார் கெப்பாசிட்டர் கேட்டபோது எந்தக் காகிதத்தைக் காட்டிக் கேட்டிருப்பார்?

இன்னொன்று, நேரம். 2022 பாடத்திட்டப்படி ஃபிட்டருக்கு வருடத்தில் 840 மணி நேரம் செய்முறை. ஆரம்பமே பாதுகாப்பு, முதலுதவி, தீயணைப்பான் பயன்படுத்துவது. அதற்கு அப்புறம்தான் அரத்தைக் கையில் தருகிறார்கள். செய்முறையில் தேற 60 சதவீதம் வேண்டும், எழுத்துப் பாடத்துக்கு 33 போதும். கண்ணாடி போடாமல் கிரைண்டர் பக்கம் போனால் உள்மதிப்பீட்டில் கை வைப்பேன் என்று அந்த அலுவலர் பையன்களை மிரட்டிக்கொண்டிருந்தார். மிரட்டலோ என்னவோ, கிரைண்டரில் நின்ற இரண்டு பையன்களும் கண்ணாடி போட்டிருந்தார்கள். பள்ளியில் வாரத்துக்குச் சில பீரியட்தான் செய்முறை, அதற்குள் 24 பேர் மூன்று லேத்தைத் தொட்டாக வேண்டும். அவசரத்தில் சக் கீயை (ஜாப்பைப் பிடிக்கிற சக்கை இறுக்கும் சாவி) சக்கிலேயே விட்டுவிட்டு ஸ்விட்சைப் போடுகிறவன் எப்படி உருவாகிறான் என்று எங்கள் பட்டறையில் கேளுங்கள், சொல்வார்கள்.

வீட்டில் இதையெல்லாம் சொன்னபோது, "ஒரு பள்ளியைப் பார்த்துட்டு எல்லாப் பள்ளியும் அப்படித்தான்னு சொல்லுவீங்களா" என்று கேட்டார் வீட்டுக்காரம்மா. நியாயமான கேள்வி. நான் பார்த்தது ஒரு பள்ளி, ஒரு ஐடிஐ. நன்றாக நடக்கிற பள்ளி ஒர்க் ஷாப் இருக்கலாம். நர்சிங், வேளாண்மை, கணக்கியல் மாதிரிப் பிரிவுகளில் மெஷினே கிடையாது, அங்கே என் அளவுகோல் செல்லாது. எலக்ட்ரீஷியன் பிரிவைப் பற்றியும் எனக்குச் சொல்லத் தெரியாது, எர்த்திங் சரியா என்று பார்க்க என் கண்ணும் போதாது. தனியார் ஐடிஐகளில் நான் கால் வைத்ததில்லை. மத்திய அரசின் அங்கீகாரம் (என்சிவிடி என்பார்கள்) அந்தத் தொழிற்பிரிவுக்கே இருக்கிறதா என்று கேட்காமல் பணம் கட்ட வேண்டாம் என்பது மட்டும் தெரியும்.

எங்கே சேர்ப்பதாக இருந்தாலும் வேலை நேரத்தில் போய் ஒர்க் ஷாப்பைப் பாருங்கள். லீவு நாளில் கூட்டிப் பெருக்கி வைத்ததைப் பார்த்து ஒன்றும் தெரியாது. கிரைண்டர் சந்தைப் பாருங்கள். கெட்டுப்போன மெஷினைக் காட்டச் சொல்லுங்கள், ஒன்றும் கெடவில்லை என்று சொல்கிற இடத்தில் இன்னும் கொஞ்சம் நேரம் நில்லுங்கள்.

பையன் இப்போது ஃபிட்டர் முதல் வருடம். கூட்டாளிகள் பள்ளியில், சாயங்காலம் கிரவுண்டில் பார்த்துக்கொள்கிறார்கள். மாதக்கணக்கில் அரம் போட்டுக்கொண்டே இருக்கிறோம், எப்போது மெஷின் தருவார்கள் என்று புலம்புகிறான். போன ஞாயிறு என் பட்டறைக்கு வந்தவன், கிரைண்டரைப் பார்த்துவிட்டு, "அப்பா, டூல் ரெஸ்ட் ரொம்பத் தள்ளி இருக்கு" என்றான். இருந்தது. ஸ்பானரை எடுத்து நானே சரி செய்தேன்.