பியூக் எஸ்டேட் வேகனின் மறையும் பின்கதவு: பட்டறை வேலை எப்படி?

என் 1973 பியூக் எஸ்டேட் வேகனை (ஜெனரல் மோட்டார்ஸின் பெரிய கார், பின்பக்கம் சாமான் வைக்க நீண்ட இடம் உண்டு) பழுதுபார்த்த பட்டறையைப் பற்றி எழுத வேண்டுமென்றால், பின்கதவில்தான் தொடங்க வேண்டும். 1971 முதல் 1976 வரை ஜெனரல் மோட்டார்ஸின் பெரிய வேகன்களில் வந்த அமைப்பு இது. கண்ணாடி மேலேறிக் கூரைக்குள் போய்விடும், கீழ்ப்பாதி தரைக்கு அடியில் நழுவி மறைந்துவிடும். கதவு வெளியே விரியாததால், பின்னால் இடம் குறைவாக இருந்தாலும் திறந்து சாமான் ஏற்றலாம்.

அழகு எவ்வளவோ, தொல்லையும் அவ்வளவு. கதவு ஓடும் தடங்களில் மண்ணும் ஈரமும் சேர்ந்தால் துரு பிடித்துவிடும். ஒரு பக்கம் கொஞ்சம் விலகினாலும் கதவு கோணலாகிப் பாதியில் சிக்கிக்கொள்ளும். பட்டறைக்காரர்கள் எடுத்த எடுப்பில் கதவை ஓட்டும் மின்மோட்டாரைத் தொடவே இல்லை. முதலில் தடங்களைச் சுரண்டிச் சுத்தம்செய்து, கிரீஸ் தடவி, கதவைக் கையாலேயே தள்ளிப் பார்த்தார்கள். இரண்டு பக்கமும் ஒரே சீராக ஓடிய பிறகுதான் ஒயரிங். இந்தப் பொறுமைக்காகவே அவர்களை மனதாரப் பாராட்டுவேன்.

குறையும் உண்டு. கூரை விளிம்பில் ஏதோ பொதுவான ரப்பரை ஒட்டிவிட்டார்கள், மழைத் தண்ணீர் உள்ளே வந்தது. சொன்னதும் சரியான ரப்பரைத் தேடிப் போட்டுக் கொடுத்தார்கள், சரி. இன்ஜின், பெயிண்ட் வேலை இரண்டும் திருப்தி.

இதே வண்டியை வைத்திருப்பவர்கள் பெயிண்ட் அடிக்கும் முன்பே கதவை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். அப்புறம் கழற்றினால் புதுப் பெயிண்ட்தான் கீறல்படும்.