40க்குப் பிறகு: சேணமா, டம்பெல்லா, வேகநடையா?

கொழும்பில் வாரம் ஒருமுறை குதிரை ஏறுகிறவர்கள் நாற்பதைத் தாண்டியதும் சொல்லும் குறை ஒன்றுதான்: "முந்தி மாதிரி இல்லை, சாப்பிடுறதெல்லாம் வயிற்றிலை சேருது." பழியை வளர்சிதை மாற்றத்தின் மேல் போடுகிறார்கள். 29 நாடுகளில் 6,400க்கும் அதிகமானோரை அளந்து 2021இல் 'சயன்ஸ்' இதழில் வெளியான ஆய்வு இதற்கு இடம் கொடுக்கவில்லை. கொழுப்பு நீங்கலான எடையைக் கணக்கில் எடுத்தால், 20இலிருந்து 60 வயது வரை உடல் செலவழிக்கும் சக்தி ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. 60க்குப் பிறகுதான் ஆண்டுக்குச் சுமார் 0.7 சதவீதம் இறங்குகிறது. நடுவில் கரைவது தசையும் நடமாட்டமும்.

சவாரியை முதலில் பார்ப்போம். 65 கிலோ எடையுள்ள ஒருவரின் ஒரு மணி நேரப் பாடத்தில் 20 நிமிடம் நடை, 20 நிமிடம் ட்ரொட் (குதிரையின் துள்ளோட்டம்), 5 நிமிடம் கன்டர் (மெதுவான பாய்ச்சல்), மிச்சம் குதிரையை நிறுத்திவைத்து ஆசிரியர் சொல்வதைக் கேட்பது என்று வையுங்கள். நடைக்கு 3.8, ட்ரொட்டுக்கு 5.8, கன்டருக்கு 7.3 மெட் (சும்மா இருக்கையில் செலவாகும் சக்தியைப் போல் எத்தனை மடங்கு என்பது) என்ற வழமையான அளவில் கூட்டினால் சுமார் 270 கிலோகலோரி. அதே ஆள் சுதந்திர சதுக்கத்தில் ஒரு மணி நேரம் வேகமாக நடந்தால் சுமார் 280. கலோரிக்காகக் குதிரை ஏறுவது நட்டக் கணக்கு. கைக்கடிகாரம் 500 காட்டுகிறதே என்றால் நம்பவேண்டாம்: புழுக்கமும் பயமும் இதயத் துடிப்பைக் கூட்டும், குதிரையின் அசைவையும் அது உங்கள் காலடியாக எண்ணிவிடும். குதிரையைத் தேய்ப்பது, சேணம் கட்டுவது, லாயம் கூட்டுவது ஆகியவற்றை ஆளிடம் விடாமல் நீங்களே செய்தால் கணக்கு கொஞ்சம் தேறும்.

சவாரி தசையை வளர்க்காதா? உள்தொடையும் இடுப்பும் முதல் சில மாதங்கள் வலுக்கும், பிறகு நின்றுவிடும். தசை வளரச் சுமை கூடிக்கொண்டே போகவேண்டும். ட்ரொட்டில் எழுந்து உட்காரும்போது தூக்குவது என்றைக்கும் உங்கள் சொந்த எடையைத்தான். பிட்டத் தசை தளர்ந்தவர் முழங்காலால் சேணத்தை இறுக்குவார், குதிகால் மேலேறும், அங்கவடி நழுவும்.

டம்பெல் பக்கம் பெரிய வாக்குறுதிகள் உண்டு. ஒரு கிலோ தசை ஓய்வில் நாளுக்குச் சுமார் 13 கிலோகலோரிதான் எரிக்கும். இரண்டு கிலோ சேர்த்தால் ஒரு மாரி பிஸ்கட் அளவு! ஆனாலும் எங்கள் தெரிவு இதுதான். சாப்பாட்டுக்குப் பின் இரத்தத்தில் ஏறும் சீனியில் பெரும்பங்கை இழுத்துக்கொள்வது தசை. நீரிழிவு மலிந்த எங்கள் சனத்துக்கு எரிக்கும் கலோரியைவிட அது பெரிது. விழுந்தால் எலும்பு தாங்குவதற்கும் பாரம் தூக்கிய உடம்பு உதவும்.

வாரம் இரண்டு நாள், தலா 40 நிமிடம் போதும். டம்பெல்லை நெஞ்சோடு அணைத்துக் குந்தி எழும் ஸ்குவாட், முதுகு நேராக இடுப்பில் மடிந்து நிமிரும் டெட்லிஃப்ட், ஒரு கையால் இழுக்கும் ரோ, பக்கவாட்டில் முழங்கையை ஊன்றி உடம்பை நேராகப் பிடிக்கும் பிளாங்க். பிளாங்கை 20 முதல் 30 விநாடி பிடியுங்கள்; மற்றவை 8 முதல் 12 தடவை, மூன்று சுற்று. 8 கிலோவில் தொடங்கி, மூன்று சுற்றிலும் 12 வந்ததும் 2 கிலோ கூட்டுங்கள். மூச்சை அடக்கவேண்டாம், பிரஷர் உள்ளவர்கள் முக்கியமாக. கால் பயிற்சிக்கு அடுத்த நாள் சவாரி வைத்தால் தொடை வலியில் இருக்கை குலையும். இரண்டு நாள் இடைவெளி விடுங்கள்.

வேகநடை மலிவு, மீதி நாட்களுக்கு அது போதும். தசையை மட்டும் அது காக்காது.

குதிரைக்குப் பாரமாகிவிடுவோம் என்று பட்டினி கிடப்பதுதான் மோசமான வழி. பாரம் தூக்காமல் மெலிந்தால், இழக்கும் எடையில் ஏறக்குறைய கால் பங்கு கொழுப்பல்லாத திசு. இடியப்பம், சோதி, சம்பல் மட்டும் என்றால் காலையில் புரதம் மிகக் குறைவு. இரண்டு முட்டை 12 கிராம் சேர்க்கும், 100 கிராம் சமைத்த மீன் இருபதுக்கு மேல். மூத்தவர்களுக்கு நாளுக்குக் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வேண்டும். சிறுநீரக நோயுள்ளவர்கள் வைத்தியரைக் கேட்டே கூட்டலாம். இன்சுலின் போடுகிறவர்கள் குதிரை ஏறுமுன் இரத்தச் சீனியைப் பாருங்கள்: 90 mg/dLக்குக் கீழே என்றால் ஏதாவது சாப்பிட்டு, மீண்டும் அளந்து, சீனி கூடிய பிறகே அங்கவடியில் கால் வைக்கலாம்.