குழந்தைகள் ஃபுட்பால் டோர்னமென்ட்: 'எக்ஸ்க்ளூசிவ் போட்டோ உரிமை'க்கு அட்வான்ஸ் கேட்டால் கொடுக்காதீர்கள்

சென்னைப் புறநகர் டர்ஃப்களில் (செயற்கைப் புல் மைதானங்களில்) சனி, ஞாயிறு நடக்கும் அண்டர் 8, அண்டர் 10, அண்டர் 12 டோர்னமென்ட்களில் படம் எடுத்து விற்கும் போட்டோகிராபர்களுக்கும், அந்தப் படங்களுக்குப் பணம் கட்டும் அப்பா அம்மாக்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறோம். ஒரே ஏற்பாட்டாளரிடம் இரண்டு தரப்பும் பணத்தை விட்டிருக்கிறது. அவர் பெயரைப் போடவில்லை. இப்படிப்பட்டவர்கள் அடுத்த டோர்னமென்ட்டை வேறு பெயரில், வேறு லோகோவில் நடத்துவார்கள். எப்படி ஏமாற்றுகிறார்கள் என்று தெரிந்தால்தான் அடுத்தவர் தப்பிக்க முடியும்.

நடந்தது இதுதான். போட்டிக்கு ஒரு வாரம் முன்பு போட்டோகிராபர் குரூப்பில் மெசேஜ் வருகிறது: 16 டீம், ஏறக்குறைய 180 குழந்தைகள், போட்டோ உரிமை ஒருவருக்கு மட்டும், 12,000 ரூபாய் கட்டினால் விற்கிற பணம் முழுக்க உங்களுக்கே. பணம் போவது டோர்னமென்ட் பெயரிலுள்ள கணக்குக்கு அல்ல, ஒரு தனிநபரின் யுபிஐக்கு. மைதானத்துக்குப் போனால் இதே 12,000 கட்டிய இன்னும் இரண்டு பேர் கேமராவோடு நிற்கிறார்கள். கேட்டால், "பெரிய டோர்னமென்ட் ப்ரோ, ஒருத்தரால கவர் பண்ண முடியாது, ஆளுக்கொரு சைடு எடுத்துக்குங்க" என்று பதில். சாயங்காலம் இரண்டாவது கட்டம்: "பேரன்ட்ஸ் நம்பரெல்லாம் எங்ககிட்டதான் இருக்கு. படத்தை லேப்டாப்ல போட்டுக் கொடுங்க, நாங்களே லிங்க் அனுப்பி கலெக்ட் பண்ணித் தர்றோம்." கேமராவின் மெமரி கார்டிலிருந்து முழு அளவு ஜேபெக் படங்கள் எல்லாம் அவர்கள் லேப்டாப்புக்குப் போய்விட்டது. அன்றிரவே பெற்றோர் குரூப்பில் ஒரு க்யூஆர் வருகிறது: குழந்தைக்கு 499 ரூபாய், குறைந்தது பத்துப் படம், மூன்று நாளில் டெலிவரி. நிறையப் பேர் கட்டினார்கள். போட்டோகிராபர்களிடம் "சேல்ஸே இல்ல ப்ரோ" என்று சொல்லப்பட்டது. பெற்றோருக்கு வந்தது வாட்ஸாப்பில் நான்கைந்து மங்கலான படம். சிலருக்கு வந்ததில் இருந்தது பக்கத்து வீட்டுப் பிள்ளைகூட அல்ல, எதிரணிப் பிள்ளை. கேள்வி கேட்க ஆரம்பித்ததும் குரூப்பில் அட்மின் மட்டுமே பேசலாம் என்று மாற்றிவிட்டார்கள்.

இந்தத் தொழிலில் காசு கேமராவில் இல்லை, மைதானக் கோட்டுக்குப் பக்கத்தில் நிற்கும் இடத்திலும் இல்லை. பெற்றோரின் போன் நம்பர் பட்டியலில்தான் இருக்கிறது. அந்தப் பட்டியலை வைத்திருப்பவர் கையில்தான் விற்பனையும் வசூலும். அதை உங்களுக்குத் தராமல், நிற்கும் இடத்துக்கு மட்டும் 12,000 வாங்குகிறவர் உங்களுக்கு எதையும் விற்கவில்லை. கணக்கும் போட்டுப் பாருங்கள். 400 ரூபாய் பேக்கேஜ் என்றால் அட்வான்ஸை மீட்கவே 30 குழந்தைகளுக்கு விற்க வேண்டும். அதற்கு மேல்தான் பெட்ரோல், உதவிக்கு வரும் பையனுக்குச் சம்பளம், எடிட்டிங் நேரம் எல்லாம். இன்னும் இரண்டு கேமரா அதே மைதானத்தில் இருந்தால் அந்த 30 எங்கிருந்து வரும்?

நேர்மையான ஏற்பாட்டாளர்களும் இருக்கிறார்கள். அவர்களோடு போடும் ஒப்பந்தம் வேறு மாதிரி இருக்கும். முன்பணம் கிடையாது, விற்றதில் 15 அல்லது 20 சதவீதம், டெலிவரி முடிந்தபின் கணக்குக் காட்டிக் கொடுப்பது. போட்டோகிராபரின் சொந்த க்யூஆர், ஃபிக்ஸ்சர் போர்டுக்கு (மேட்ச் அட்டவணைக்கு) பக்கத்தில் ஒட்டப்படும். முதல் மேட்சுக்கு முன்பே கோச்கள் தங்கள் டீம் குரூப்பில் கேலரி லிங்க்கைப் போடுவார்கள். பணம் நேராக உங்கள் கணக்குக்கு வரும். ஏற்பாட்டாளரிடம் முதலிலேயே இந்த முறையைச் சொல்லிப் பாருங்கள். விற்பனையில் பங்கு வேண்டாம், அட்வான்ஸ்தான் வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடித்தால், படம் விற்கும் என்று அவரே நம்பவில்லை. அப்படியும் முன்பணம் கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால், எத்தனை போட்டோகிராபர், பணம் யார் வசூலிப்பது, போட்டி நடக்காவிட்டால் எத்தனை நாளில் திருப்பித் தருவது, இந்த மூன்றையும் எழுதி வாங்குங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையால் தேதி தள்ளிப்போவது சென்னையில் சாதாரணம். தள்ளிய தேதியில் உங்களுக்குக் கல்யாண வேலை இருந்தால் அந்த அட்வான்ஸ் போனதுதான்.

காப்புரிமை (காப்பிரைட்) விஷயத்தில் பலருக்கும் தெரியாத ஒரு பள்ளம் இருக்கிறது. 1957 காப்புரிமைச் சட்டம் 17ஆம் பிரிவின்படி படம் எடுத்தவரே பொதுவாக முதல் உரிமையாளர். ஆனால் ஒருவர் கேட்டுக்கொண்டு, அதற்குக் காசும் கொடுத்து எடுக்கச் சொன்ன போட்டோ என்றால், வேறுவிதமாக ஒப்பந்தம் இல்லாதவரை உரிமை அந்தக் காசு கொடுத்தவருக்கே. அதனால், "சும்மா வர வேண்டாம், பெட்ரோலுக்கு 1,000 ரூபாய் வாங்கிக்கோங்க" என்று ஏற்பாட்டாளர் கொடுத்தால் ஜாக்கிரதை. நாளைக்கு வழக்கு என்று வந்தால், "நாங்கள் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படம்" என்று வாதாட அது ஒரு பிடியாகும். பணம் வாங்குவதானால், "படங்களின் காப்புரிமை போட்டோகிராபருக்கே, ஏற்பாட்டாளர் தன் விளம்பரத்துக்கு இத்தனை படம் பயன்படுத்தலாம்" என்று இரண்டு வரி எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். இன்னொன்று: காப்புரிமையை எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தால்தான் அது மாறும் என்கிறது 19ஆம் பிரிவு. காசு ஏதும் வாங்காமல் நீங்களாக எடுத்த படத்தை லேப்டாப்பில் காப்பி செய்து கொடுத்ததாலேயே உரிமை கைமாறிவிடாது. ரா ஃபைல்களை (கேமரா பதிவு செய்யும் மூலப் படக் கோப்புகளை) யாருக்கும் கொடுக்காதீர்கள். எடுத்தவர் யார் என்று காட்ட அதைவிட நல்ல ஆதாரம் இல்லை.

மைதானத்தில் கார்டைக் கையை விட்டு இறக்காதீர்கள். இரண்டு கார்டு போடும் கேமரா என்றால் ஒன்றில் ரா, இன்னொன்றில் சிறிய ஜேபெக் என்று வையுங்கள்; யாராவது உடனே படம் கேட்டால் சிறியது மட்டும் போகட்டும். முன்னோட்டப் படம் நீளப் பக்கத்தில் 1000 பிக்சலுக்கு மேல் வேண்டாம். வாட்டர்மார்க்கை மூலையில் போட்டால் வெட்டிவிடுவார்கள். குழந்தையின் நெஞ்சுக்குக் குறுக்கே, ஜெர்சியும் பந்தும் சேர்கிற இடத்தில் போடுங்கள்.

இனி பெற்றோருக்கு. "ஒவ்வொரு குழந்தைக்கும் பத்துப் படம்" என்பது மைதானத்தில் என்ன பொருள் என்று பாருங்கள். 16 டீம் நான்கு குரூப்பாக ஆடினால் லீக்கில் 24 மேட்ச், அதன்பின் காலிறுதி, அரையிறுதி, இறுதி சேர்ந்து 31. இரண்டு கிரவுண்டில் ஒரே நேரத்தில் நடக்கும். ஒரு கேமராவுக்கு அதில் பாதிதான் கிடைக்கும். 180 குழந்தைகளுக்கு ஆளுக்குப் பத்து என்றால் 1,800 நல்ல படம். ஓடும் குழந்தைகளை எடுக்கும்போது ஐந்துக்கு ஒன்று தேறினாலே நல்ல கை. அப்படியானால் மொத்தம் 9,000 கிளிக். பதினாறு மேட்ச் கிடைத்தாலும் 20 நிமிட மேட்சுக்கு 560ஐத் தாண்டும். அத்தனையிலும் உங்கள் பிள்ளையைப் பிரித்தெடுக்க வேண்டும். எண்ணை வைத்துத் தேடலாம் என்றால், இரண்டு டீமுக்கும் ஜெர்சி கலர் ஒன்றாக இருந்தால் ஒரு டீமுக்கு ஜெர்சி மேலே பிப் (கையில்லாத மெல்லிய மேற்சட்டை) மாட்டிவிடுவார்கள், நம்பர் மறைந்துவிடும். வேலை தெரிந்தவர்கள் ஒவ்வொரு மேட்சுக்கும் முன்பு ஃபிக்ஸ்சர் தாளை ஒரு படம், பிப் போடாமல் வரிசையாக நிற்கும் டீமை ஒரு படம் எடுப்பார்கள், கேமரா கடிகாரத்தை மேட்ச் நேரத்தோடு ஒத்து வைத்திருப்பார்கள். பிறகு ஷூ நிறம், சாக்ஸ், தலைமுடி பார்த்துப் பிரிப்பார்கள். இதைச் செய்யாதவர் அனுப்புவதில்தான் எதிரணிப் பிள்ளை வருகிறான். கோல்கீப்பரும் சப்ஸ்டிட்யூட் குழந்தைகளும் இதில் முதலில் விடுபடுவார்கள். அந்தக் குழந்தைகளின் வீட்டாருக்குத்தான் இந்த ஏமாற்றம் அதிகம் வலிக்கும், எங்களுக்கும் அதுதான் கோபம்.

இரவு மேட்ச் படங்கள் ஏன் அவ்வளவு மோசமாக வந்தன என்று பலர் கேட்டார்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மலிவான டிரைவர் (மின்சாரத்தை மாற்றித் தரும் பாகம்) போட்ட எல்இடி விளக்கு நொடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கும். கண்ணுக்குத் தெரியாது. ஓடும் குழந்தை ஆடாமல் பதிய ஷட்டர் வேகம் 1/1000 நொடி வேண்டும். அது அந்த ஒரு துடிப்பில் பத்தில் ஒரு பங்கு நேரம்தான். அதனால் ஒரு படம் வெளிச்சம், அடுத்த படம் இருட்டு, அதற்கடுத்தது மஞ்சள். எலக்ட்ரானிக் ஷட்டரில் எடுத்தால் படத்தின் குறுக்கே பட்டை பட்டையாக விழும். ஷட்டரை 1/100க்கு இறக்கினால் வெளிச்சம் சரியாகும், ஆனால் காலும் பந்தும் கோடாக இழுபடும். மெக்கானிக்கல் ஷட்டரோடு ஆன்டி ஃப்ளிக்கர் வசதியைப் போட்டால்தான் துடிப்பின் உச்சத்தில் ஷட்டர் திறக்கும். தொடர்ந்து எடுக்கும் வேகம் கொஞ்சம் குறையும், படங்கள் ஒரே சீராக இருக்கும். லென்ஸும் முக்கியம். எஃப் 2.8 லென்ஸோடு ஒப்பிட்டால் எஃப் 5.6 லென்ஸில் நான்கில் ஒரு பங்கு வெளிச்சம்தான் உள்ளே வரும். மிச்சத்தை ஐஎஸ்ஓ (கேமரா வெளிச்சத்தை உணரும் அளவு) ஏற்றிச் சரிக்கட்டினால் முகம் மணல் மணலாக இருக்கும். டர்ஃபைச் சுற்றியுள்ள வலையும் ஒரு தொல்லை. லென்ஸை வலையோடு ஒட்டி வைத்து, அப்பர்ச்சரை (லென்ஸின் துவாரத்தை) முழுக்கத் திறந்தால் வலை கரைந்துவிடும். இரண்டடி தள்ளி நின்று எடுத்தால் பிள்ளையின் முகத்தில் கட்டம் கட்டமாகத் தெரியும். இன்னொன்று, நின்றபடி எடுத்தால் தலையும் புல்லும்தான் வரும். கேமரா குழந்தையின் நெஞ்சு உயரத்துக்கு இறங்க வேண்டும். எனவே பணம் கட்டுமுன் ஒன்று கேளுங்கள்: இதே டர்ஃபில் இரவு விளக்கில் எடுத்த பத்துப் படம் காட்ட முடியுமா? காட்ட முடியாதவரிடம் முன்பணம் கட்ட வேண்டாம். வாட்டர்மார்க் போட்ட முன்னோட்டத்தைப் பார்த்து, உங்கள் பிள்ளை படம்தான் என்று உறுதி செய்தபின் கட்டுங்கள்.

படம் வந்ததும் அளவைப் பாருங்கள். வாட்ஸாப்பில் சாதாரணமாக அனுப்பும் படம் நீளப் பக்கம் 1600 பிக்சல் அளவுக்குச் சுருங்கிவிடும். 8க்கு 12 அங்குலப் பிரிண்ட் நன்றாக வர 2400க்கு 3600 பிக்சல் வேண்டும். போன் கேலரியில் படத்தின் விவரங்களைத் திறந்தால் பிக்சல் அளவு தெரியும். முழு அளவு வேண்டுமென்றால் டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள், அல்லது டவுன்லோட் லிங்க் கேளுங்கள். சின்னப் படத்தைச் செயலியில் போட்டுப் பெரிதாக்கிக் கொடுப்பவர்களும் உண்டு. பல், ஷூ லேஸ், புல் மூன்றையும் உற்றுப் பாருங்கள். வரைந்தது போல மழுமழுவென்று இருந்தால் அதுதான்.

பணத்தைவிட எங்களுக்குப் பெரிய கவலை ஒன்று இருக்கிறது. வயதை நிரூபிக்க என்று சொல்லி இந்த ஏற்பாட்டாளர் பிறப்புச் சான்றிதழ், ஆதார் நகல் எல்லாவற்றையும் வாட்ஸாப்பில் வாங்கியிருக்கிறார். அதே ஆளிடம் இப்போது குழந்தையின் முழு அளவு படம், ஜெர்சியில் பெயர், பள்ளி அல்லது அகாடமி, பெற்றோரின் நம்பர், எல்லாம் ஒன்றாகச் சேர்ந்திருக்கிறது. படங்களைப் போட்ட டிரைவ் லிங்க்கோ யார் வேண்டுமானாலும் திறக்கும்படி இருந்தது. இனி வயதுச் சான்றை மைதானத்தில் அசலாகக் காட்டுங்கள். நகல் கட்டாயம் என்றால் கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மாஸ்க்ட் ஆதார் கொடுங்கள், அதை ஆதார் வழங்கும் யுஐடிஏஐ தளத்திலேயே டவுன்லோட் செய்யலாம். குழந்தையின் செல்ஃபியைப் போட்டால் படங்களைத் தேடித் தரும் கேலரி என்றால், அந்த முகப்பதிவு எங்கே எத்தனை நாள் இருக்கும், எப்போது அழிக்கப்படும் என்று கேட்டுவிட்டுப் பயன்படுத்துங்கள். 2023இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்டவர்களின் தரவுக்குப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்கிறது. படம் விற்கும் போட்டோகிராபர்களும் இதற்கு இப்போதே தயாராக வேண்டும். பாஸ்வேர்ட் போட்ட கேலரி, டீம் வாரியாகத் தனி லிங்க், 30 அல்லது 60 நாளில் அழிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். என் பிள்ளை படம் வேண்டாம் என்று ஒரு அம்மா சொன்னால் அன்றே எடுத்துவிடுங்கள், காரணம் கேட்க வேண்டாம்.

ஏற்கெனவே பணம் கட்டி ஏமாந்தவர்கள் முதலில் வாட்ஸாப் குரூப்பை எக்ஸ்போர்ட் செய்து வையுங்கள். அட்மின் நினைத்தால் யார் போட்ட மெசேஜையும் அழிக்க முடியும். குரூப்பிலிருந்து கோபத்தில் வெளியேறிவிடாதீர்கள். யுபிஐ ரசீதில் உள்ள 12 இலக்க எண், பணம் போன ஐடி, வந்த படங்கள் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட்டோடு சேருங்கள். பணம் கட்டி ஓரிரு நாள்தான் ஆகிறது என்றால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழையுங்கள். சீக்கிரம் சொன்னால்தான் கணக்கில் பணம் இருக்கும்போதே முடக்க வாய்ப்பு. பெற்றோர் 1915 நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்யலாம். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம், இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும், 5 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை. ஒரே விதமாக ஏமாந்த பெற்றோர் ஆணையத்தின் அனுமதியோடு சேர்ந்தே ஒரு புகாராகக் கொடுக்கவும் சட்டத்தில் இடம் உண்டு. 499 ரூபாய்க்குத் தனித்தனியாக அலைவதைவிட டீம் டீமாகச் சேர்வது நல்லது. போட்டோகிராபர்களுக்கு நுகர்வோர் வழி அவ்வளவு எளிதல்ல, வியாபார நோக்கம் என்று எதிர்த்தரப்பு வாதாடும். ஒரே உரிமையை மூன்று பேருக்கு விற்றது மோசடி. பாரதிய நியாய சன்ஹிதா 318ஆம் பிரிவைக் குறிப்பிட்டு, மூவரும் பணம் கட்டிய ரசீதுகளை ஒன்றாக இணைத்து எழுத்துப் புகாராகக் காவல் நிலையத்தில் கொடுங்கள், சிஎஸ்ஆர் ரசீது (புகார் பெற்றதற்குக் காவல் நிலையம் தரும் சீட்டு) வாங்காமல் வெளியே வராதீர்கள்.