கார்ட்ரிட்ஜ் டாட்டூ ஊசி: சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

நீளக் கம்பியில் பற்றவைத்து ஸ்டீல் ட்யூபுக்குள் செருகும் பார் ஊசியில் டாட்டூ தொழில் பழகியவன் நான். வேலை முடிந்ததும் ஸ்டீல் ட்யூபைத் தேய்த்துக் கழுவி, ஒலி அதிர்வால் அழுக்கு நீக்கும் அல்ட்ராசோனிக்கில் போட்டு, பையில் அடைத்து, நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் 121 டிகிரியில் வைக்க வேண்டும். ஊசியும் பிளாஸ்டிக் உறையும் ஒன்றாக வரும், ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் கார்ட்ரிட்ஜுக்கு மாறிய பின் அந்த வேலை பெரும்பாலும் போயிற்று. திரும்பிப் போக மனமில்லை. ஆனால் கடையில் கிடைக்கும் எல்லா கார்ட்ரிட்ஜும் ஒரே தரமில்லை.

பெட்டியில் 1207ஆர்எல் என்று இருந்தால், 12 ஊசிக் கம்பியின் தடிமன் (0.35 மி.மீ.), 07 ஊசிகளின் எண்ணிக்கை, ஆர்எல் என்பது ரவுண்ட் லைனர், அதாவது கோடு போடும் வட்டக் கட்டு. 10 என்றால் 0.30, 08 என்றால் 0.25. லைனரில் ஊசிகள் நெருங்கி நிற்கும், நிழல் போடும் ஷேடரில் சற்று விலகும். நிறம் நிரப்ப எனக்கு, ஊசிகள் வரிசையாக நின்று முனை வளைவாக இருக்கும் கர்வ்டு மேக்னம்தான். அதன் ஓரங்கள் தோலை அதிகம் புண்ணாக்குவதில்லை. சின்ன எழுத்துக்கு 1003ஆர்எல்.

காசு கொடுப்பது உண்மையில் உள்ளே இருக்கும் மெம்பரேன் என்ற மெல்லிய ரப்பர் தடுப்புக்கு. மையும் ரத்தமும் பின்னால் ஏறி மெஷினுக்குள் போகாமல் தடுப்பது அதுதான். மெஷினின் உட்புறத்தை ஆட்டோகிளேவில் வைக்க முடியாது. ஒருவர் ரத்தம் அங்கே போய்விட்டால் அடுத்தவருக்கு ஆபத்து. ஹெபடைடிஸ் பி வைரஸ் காய்ந்த பரப்பிலும் ஏழு நாளாவது உயிரோடு இருக்கும். மெம்பரேன் இல்லாத மலிவு கார்ட்ரிட்ஜ்களும் விற்கிறார்கள், இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். புதுப் பெட்டி வந்தால் ஒன்றைப் பலி கொடுப்பேன்: பின்பக்கத் தண்டை அழுத்தினால் ஊசி சட்டென்று திரும்ப வேண்டும், லென்ஸில் பார்த்தால் முனை கொக்கியாக வளைந்திருக்கக் கூடாது. பார்த்ததும் அது குப்பைக்கு.

இவை பெரும்பாலும் எத்திலீன் ஆக்சைடு வாயுவால் கிருமி நீக்கப்பட்டு வருபவை. லாட் எண் (தயாரிப்புத் தொகுதியின் எண்), காலாவதித் தேதி, வாயு பட்டால் நிறம் மாறும் புள்ளி மூன்றையும் பேக்கெட்டில் பார்க்கிறேன். புள்ளி மாறியிருந்தால் பேக்கெட் வாயுவுக்குள் போய் வந்திருக்கிறது, அவ்வளவுதான். கிருமி செத்ததற்கு அது சான்று இல்லை. அதிலும் காகிதப் பக்கம் நனைந்தாலோ ஓட்டை விழுந்தாலோ கதை முடிந்தது. சென்னை மழைக்காலத்தில் அதனால்தான் மூடிய டப்பாவில், சிலிக்கா ஜெல்லோடு வைக்கிறேன். பேக்கெட்டை வாடிக்கையாளர் கண்ணெதிரே பிரிப்பேன். பிரித்தது மிஞ்சினாலும் அடுத்தவருக்குக் கிடையாது. சிலர் கார்ட்ரிட்ஜை ஆட்டோகிளேவில் போட்டு மறுபடி பயன்படுத்துகிறார்களாம். பிளாஸ்டிக் உருக்குலையலாம், ரப்பர் கெடலாம், ஊசி முனையும் ஏற்கெனவே மழுங்கியிருக்கும்.

பயன்படுத்தியவை துளை விழாத வெள்ளை டப்பாவுக்குப் போகும். முக்கால்வாசி நிரம்பியதும் மூடி, மருத்துவக் கழிவு எடுப்பவரிடம் கொடுக்கிறேன். கை தவறிக் குத்திக்கொண்டால் ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டுக் கழுவி உடனே மருத்துவரிடம் போக வேண்டும். எச்ஐவி தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். ஹெபடைடிஸ் பி ஊசி மூன்று டோஸும் போட்டிருக்கிறேன்.

ஒரே வருத்தம், பார் ஊசியைவிட விலை கூடுதல், பிளாஸ்டிக் குப்பையும் அதிகம். ஆட்டோகிளேவை இன்னும் விற்கவில்லை, மெஷினைக் கையால் பிடிக்கும் ஸ்டீல் கிரிப்புக்கு அது வேண்டியிருக்கிறது.